செங்கோடன் பத்திரமாக வைத்த புல்வெட்டி வண்டி

எங்கள் காலேஜ் கிரவுண்டில் உட்கார்ந்து ஓட்டுகிற புல்வெட்டி வண்டி ஒன்று இருக்கிறது. அதன் சாவி செங்கோடன் இடுப்புக் கயிற்றில் இருக்கிறது. அந்தச் சாவிக்காக நான் இரண்டு வருஷமாக வயிறெரிகிறேன். எட்டு வருஷம் தள்ளுவண்டி தள்ளிப் புல் வெட்டியதில் என் முட்டி இரண்டும் போய்விட்டன. ஓட்டவும் கற்றுக்கொண்டேன். ஆனால் பொம்பளை உட்கார்ந்தால் வண்டி கோபித்துக்கொள்ளும் என்பது செங்கோடனின் ஆராய்ச்சி.

மழைக்காலம் முழுக்க பம்ப் ரூமுக்குப் பின்னால் தார்ப்பாய் போட்டு மூடிக்கிடந்த வண்டியை, தை பிறந்ததும் புது கிரவுண்டுக்குக் கொண்டுபோக மினி லாரி வந்தது. கொண்டுபோகிறவர்தான் இனி நிரந்தர டிரைவர் என்று பி.டி. சார் சொல்லிவிட்டார். சார் வருவதற்குள் செங்கோடன் ஆரம்பித்துவிட்டான்.

"வண்டி ஏத்தறதுன்னா சும்மாவா? தாளவாடியில இருந்து இதைக் கொண்டாந்தது ஆரு? லாரிக்குப் பலகை போட்டு ஏத்தறேன், பாதியில பலகை படார்னு முறிஞ்சுபோச்சு. வேற ஒருத்தனா இருந்தாக் குதிச்சு ஓடியிருப்பான். நான் சீட்டை விட்டே எந்திரிக்கலை. காலைக் கீழ ஊனி, வண்டியத் தொடையில தாங்கி, அப்பிடியே ஏத்திப்போட்டேன்."

"அந்தக் காலுலதான் போன வாரம் சுளுக்குன்னு லீவு கேட்டயாக்கும்?" என்றார் வாட்ச்மேன் ராக்கியண்ணன்.

"அது வேற காலுங்ணா. கேளுங்க. திம்பம் மலை இறக்கத்துல கட்டுன கயிறெல்லாம் அந்துபோச்சு. வண்டி பின்னால குதிச்சிருச்சு, நானும் அதுமேலதான் உக்காந்திருக்கறேன். வளைவு இருபத்தேழையும் இறங்கி, லாரியை முந்தி அடிவாரத்துப் பண்ணாரியில போய் நின்னு டீ குடிச்சேன். போற போக்குல ரோட்டோரப் புல்லையும் வெட்டிப்போட்டேன்."

"டீக்கடைக்காரன் ரோட்டு மேல வந்து குடுத்தானா, நீ கடைக்குள்ள ஓட்டிட்டுப் போனயா?" என்று கேட்டேன்.

"தெய்வாத்தா, உனக்கு இதெல்லாம் புரியாது. லாரி வராம நான் திரும்ப மேல போறேன், ஆனை ஒண்ணு குறுக்க நிக்குது. வெட்டுன புல்லை அள்ளிப்போட்டேன். தின்னுப்போட்டு, நின்னுபோன லாரியைத் தலையில முட்டித் தள்ளிவிட்டுச்சு. கெளம்பறப்ப எனக்குத் தும்பிக்கையத் தூக்கிக் கும்பிடு வேற."

லாரி டிரைவர் வாயைப் பிளந்துகொண்டு கேட்டான். பாவம், வெளியூர்.

"சரி, மழைக்கு எப்பிடி வச்சிருக்கறே?" என்று ராக்கியண்ணன் தூண்டிவிட்டார்.

"பெட்ரோலைச் சொட்டு விடாம இறக்கினேன். வாசம்கூட இருக்கக் கூடாதுன்னு வாய வச்சு உறிஞ்சி எடுத்தேன். மூணு நாளைக்கு நான் பீடி பத்தவைக்கலை, ஏப்பம் விட்டாலே ஊடு தீப்புடிச்சிரும். பேட்டரியைக் கழட்டி ஊட்டுல வச்சேன். ஊரே கரண்டு இல்லாமக் கெடந்தப்ப எங்க தெருவுல மாவாட்டுனாங்க. புயலடிச்சு இந்த பம்ப் ரூமே ரெண்டடி நகந்துச்சு, வண்டி நகருலை. எறும்புகூட உள்ள போயிருக்காது."

"அடியில கழுவுனயா?" இதை நான் மூன்று மாதமாகக் கேட்கிறேன்.

ஆயுத பூசையன்று பூசணிக்காயைச் சுற்றி உடைத்தவன், அதோடு விடவில்லை. பிளேடைச் சுழலவிட்டு அதன் மேலேயே வண்டியை ஏற்றி இறக்கினான். சதையும் விதையும் புல்லோடு சேர்ந்து அடித்தட்டில் அப்பிக்கொண்டன. கழுவிவிட்டு மூடு என்று அன்றைக்கே சொன்னேன்.

"திருஷ்டி கழிச்சதைக் கழுவுனாத் திருஷ்டி திரும்ப வந்துரும். பூசை போட்ட வண்டிக்குக் கெடுதலே வராது," என்றான் இப்போதும்.

பி.டி. சார் வந்தார். செங்கோடனின் லாரிக் கதை அவருக்கும் மனப்பாடம். "தெறப்பா," என்றார்.

செங்கோடன் தார்ப்பாயை இழுத்தான். வரவில்லை. ராக்கியண்ணனும் லாரி டிரைவரும் சேர்ந்து இழுத்ததும் கிழிந்துகொண்டு வந்தது.

உள்ளே வண்டி இல்லை, ஒரு தோட்டம் இருந்தது. அடித்தட்டில் இருந்து முளைத்த பூசணிக்கொடி நாலு சக்கரத்தையும் சுற்றி, ஸ்டியரிங்கில் ஏறி, தார்ப்பாய்க் கிழிசல் வழியாக வெளியே போயிருந்தது. டிரைவர் சீட்டில் சாம்பல் பூத்த பூசணிக்காய் ஒன்று ஜம்மென்று உட்கார்ந்திருந்தது.

செங்கோடன்தான் முதலில் தேறினான்.

"நான் வெச்ச கொடிதானுங்க சார். கயிறு அந்துபோகும், கொடி அறாது. புயலுக்கு வண்டி நகராம நின்னது எதனாலங்கறீங்க?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் ஆசைப்பட்ட வண்டியை இப்படிப் பார்க்க அழுகைதான் வந்தது.

பி.டி. சார் கையை நீட்டினார். செங்கோடன் இடுப்புக் கயிற்றை அவிழ்க்க வெகு நேரம் எடுத்துக்கொண்டான். சாவி என் கைக்கு வந்தது.

"தெய்வாத்தா, கொடியை அறுத்துப் போட்டு நல்லாக் கழுவு. இவன்கிட்ட இருந்து பேட்டரிய வாங்கி மாட்டு. நாளைக்கு நீயே ஏத்திக் கொண்டுபோ."

"அப்ப நானுங்க சார்?"

பி.டி. சார் சீட்டைக் காட்டினார். "வண்டியவே தொடையில தாங்குனவனல்ல? அந்தக் காயைத் தூக்கிக் கேன்டீன்ல குடுத்துட்டு வா. பாத்து, சுளுக்கிக்காதே."