இரண்டாம் சாவிக்கு எழுநூறு மதிப்பெண்

கதையைக் கேட்கும்போதே யார் பக்கம் நிற்பது என்று யோசித்துக்கொண்டே வாருங்கள். கடைசியில் உங்களைத்தான் கேட்கப்போகிறேன்.

திருநெல்வேலியில் சுயம்புலிங்கம் என்பவரின் நகைக்கடை. அந்தக் கடை லாக்கரை யாரும் தனியாகத் திறக்க முடியாது. ஒரு சாவி முதலாளியிடம், இன்னொன்று ஊழியர் ஒருவரிடம். காலையில் இருவரும் சேர்ந்து நின்று திருப்பினால்தான் கதவு அசையும். பிறகு இருவரும் சாவிப் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். முதலாளிக்கும் அதில் விலக்கு இல்லை.

இரண்டாம் சாவியை வைத்திருந்தவர் ஓய்வு பெற்றார். புது ஆள் தேட வேண்டிய நேரம் பார்த்து, முதலாளி அண்ணாச்சி ஏதோ ஒரு வியாபாரிகள் கூட்டத்துக்குப் போய்விட்டு ஒரு யோசனையோடு வந்தார். வேலைக்கு வருகிறவர்களின் கிரெடிட் ஸ்கோரை, அதாவது கடன் கட்டிய ஒழுங்குக்கு வங்கிகள் பார்க்கும் மதிப்பெண்ணை, பார்க்க வேண்டுமாம். தன் கடனையே ஒழுங்காகக் கட்டாதவர் ஊரார் நகையை எப்படிக் காப்பார் என்பது அவர் வாதம். எழுநூறுக்குக் கீழே இருந்தால் சாவி கிடையாது. சாவியைத் தொடுகிற ஒவ்வொருவருக்கும் இதுதான் சட்டம் என்று மொத்தக் கடையையும் நிற்க வைத்துச் சொன்னார்.

ஆள் எடுக்கும் பொறுப்பு இசக்கிச்செல்வியுடையது. எம்.பி.ஏ. முடித்துச் சேர்ந்து ஒரு வருஷம்தான் ஆகிறது. பதிவேட்டைத் திறந்து பார்த்தாள்; முதல் பெயரே சுயம்புலிங்கம். சட்டம் என்றால் சட்டம்தானே? ஸ்கோரைப் பார்க்க அவருக்கும் ஒரு சம்மதப் படிவம் தயாரித்து, கையெழுத்துக்குப் போன பில்களோடு வைத்தாள். அவர் போனில் பேசியபடியே, படிக்காமல், எல்லாவற்றிலும் கையெழுத்துப் போட்டுத் தள்ளினார்.

வேலைக்கு வந்தவர்களில் பெனினாவுக்கு ஈடாக ஒருவரும் இல்லை. வேறொரு கடையில் மூன்று வருஷம் சாவி வைத்திருந்தவள். அந்தக் கடை மூடும் நாளில் சரக்கு ஒரு குண்டுமணி குறையவில்லை என்று முதலாளி கைப்பட எழுதிக் கொடுத்திருந்தார். இப்போது நான்கு மாதமாகச் சம்பளம் இல்லை. படிவத்தை நீட்டியபோது பெனினா ஒரு கேள்விதான் கேட்டாள்: போடமாட்டேன் என்றால் வேலை உண்டா? இசக்கிச்செல்வி பேனாவை நீட்டினாள். பெனினா கையெழுத்துப் போட்டாள்.

ஒரு வாரத்தில் அறிக்கைகள் வந்தன. பெனினா அறுநூற்று முப்பத்தெட்டு. காரணம் கல்விக் கடன். படிப்பு முடிந்து வேலை கிடைக்காமல் அலைந்த ஒன்றரை வருஷத்தின் தவணைகள் அத்தனையும் அதில் தாமதமாக நின்றன. வேலை இல்லாததால் கடன் நின்றது. கடன் நின்றதால் வேலை இல்லை. இதற்குப் பெயர் நாணயப் பரிசோதனையாம்.

அண்ணாச்சி ஐந்நூற்றுத் தொண்ணூற்று ஒன்று.

மேலாளர் முத்துமாலை இரண்டையும் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினார். கடையில் இருபது வருஷம் தள்ளியவர். ரெண்டையும் கிழித்துப் போடு தாயி, அந்தப் பிள்ளைக்கு எழுநூற்றுப் பத்து என்று நான் சொல்லிக்கிடுதேன், யாருக்கும் சேதாரம் இல்லை என்றார். நல்ல மனசுதான். ஆனால் ஒரு நல்ல பெண் பொய்யின் தயவில் ஏன் உள்ளே வர வேண்டும் என்று இசக்கிச்செல்விக்குக் கொதித்தது. இரண்டு காகிதங்களையும் எடுத்துக்கொண்டு நேரே முதலாளி அறைக்குப் போனாள். முத்துமாலை தலையில் கைவைத்தபடி பின்னால் போனார்.

"சாவி தொடுற எல்லாருக்கும்னு நீங்கதான் சொன்னீங்க அண்ணாச்சி. இதுல யாரை வேண்டாம்னு சொல்லட்டும்?"

அண்ணாச்சி கண்ணாடியைப் போட்டுப் படித்தார். கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார். தங்கச்சி மாப்பிள்ளையின் அரிசி ஆலைக் கடனுக்கு ஜாமீன் நின்றது, ஆலை மூழ்கியது, தங்கச்சி காதுக்குப் போகக் கூடாதென்று இவரே ரகசியமாக அடைத்து வருவது எல்லாம் அவர் வாயிலிருந்தே, முத்துமாலைக்கு முன்னால், உடைந்து உடைந்து வந்தது. ஜெயித்துவிட்ட இசக்கிச்செல்விக்கு அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

பிறகு அவர், முடிவு கேட்க வந்து வெளியே காத்திருந்த பெனினாவை உள்ளே வரச் சொன்னார். அவள் எண், தன் எண் இரண்டையும் ஒளிக்காமல் சொன்னார். உனக்கு மட்டும் விலக்குத் தருகிறேன், நாளைக்கே சேர்ந்துகொள். ஆனால் ஊரறியச் சொன்ன சட்டத்தை எடுக்க முடியாது, விஷயம் இந்த அறையைத் தாண்டக் கூடாது என்றார்.

பெனினா நாற்காலியின் நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"உங்க வீட்டு விஷயத்தை என்கிட்ட சொல்லியிருக்க வேண்டாம் அண்ணாச்சி. உங்க காகிதத்தைக் கிழிச்சிருங்க. அந்தப் படிவத்தையும் எல்லாருக்குமே எடுத்திருங்க, வேலைக்கு வாரேன். எனக்கு மட்டும்னா வேண்டாம். நான் உங்க காகிதத்தால உள்ள வந்தேன்னா, அடுத்து வாரவ யார் காகிதத்தைக் காட்டி உள்ள வருவா?"

சட்டத்தை எடுக்க அவருக்கு மனம் வரவில்லை. பெனினா வணக்கம் சொல்லிவிட்டு வெளியே போனாள். ஐந்தாம் மாதமும் சம்பளம் இல்லை.

பொய் சொல்லியாவது வேலை வாங்கித் தரப் பார்த்தார் முத்துமாலை. உண்மையைப் போட்டு உடைத்து வாங்கித் தந்தாள் இசக்கிச்செல்வி. கைக்கு வந்ததை வேண்டாம் என்றாள் பெனினா. இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: பெனினா. முத்துமாலையின் பொய் ஒருத்தியைக் காப்பாற்றும். என்றைக்குத் தெரியுமோ என்று அவள் ஆயுசுக்கும் பயப்படுவாள். இசக்கிச்செல்வி கேட்ட கேள்வி சரி, கேட்ட விதம் தப்பு. படிக்காமல் போட்ட கையெழுத்து சம்மதம் ஆகாது. வயிற்றுக்காகப் போட்ட கையெழுத்தும் ஆகாது. இரண்டையும் வாங்கியவள் அவள்தான். தன்னை நோண்டியது தப்பு என்றால் முதலாளியை நோண்டியதும் தப்பு என்று பார்க்க அந்த அறையில் பெனினா ஒருத்தியால்தான் முடிந்தது. அவள் வேலையை இழந்தாளே, அது என்ன சரி என்று கேட்பீர்கள். கேளுங்கள். ஆனால் அதை அவளிடம் கேட்காதீர்கள். படிவத்தை எடுக்க மனம் வராதவரிடம் போய்க் கேளுங்கள்.