நீலம் பேசவில்லை

இக்கதையைத் திருச்சியில், பார்வையற்றோருக்கு ஒலிநூல் தயாரிக்கும் கூடமொன்றில் பணியாற்றிய எஸ்தர் ராசம்மாள் சொல்ல, 2019 ஆவணியில் கேட்டேன். அவர் சொன்ன வடிவம் வருமாறு.

ஜெசிந்தா பிறவியிலேயே பார்வையற்றவர், ஒலித்தொகுப்பில் தேர்ந்தவர். அவரிடம் பாடம் கேட்க வந்த சபாபதி பார்வையுள்ளவர், வயதில் மிக மூத்தவர், ஒலித்தொகுப்பு மென்பொருள் ஒன்றை எழுதியவர். திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடருக்கு ஏற்ப அதை மாற்றிவந்தார்.

"எல்லா பட்டனுக்கும் பேர் வச்சுட்டேன், டீச்சர். நாளைக்கு வெளியிடலாமா?"

"முந்தியெல்லாம் பேர் சொல்லாம, பஸ் ஸ்டாண்டுல முறுக்கு விக்கிற மாதிரி 'பட்டன், பட்டன்'னு கத்திக்கிட்டே இருக்கும். இப்ப பரவாயில்ல" என்றார் ஜெசிந்தா. "உங்க அம்மா மீன்காரர்கிட்ட பேரம் பேசுற பதிவுல ஒரு இருமல் வருதுன்னீங்களே. அந்த இருமலை மட்டும் எடுங்க பார்ப்போம்."

காலமான தாயின் குரல் சபாபதியிடம் அந்த ஒரு பதிவில்தான் இருந்தது.

"நகல் இருக்கா, சார்?"

"நானே எழுதின சாஃப்ட்வேர், டீச்சர். நகல் எதுக்கு?"

ஜெசிந்தா கைநீட்டித் திரையை அணைத்தார்.

சபாபதி செவியால் தேடி, இருமலின் தொடக்கத்திலும் முடிவிலும் குறி வைத்தார். விசைப்பலகையால் பட்டனுக்கு நகர்ந்தார்.

"நீக்கு, பட்டன்" என்றது ஸ்கிரீன் ரீடரின் குரல். அழுத்தினார். "நீக்கப்பட்டது."

"சேமிச்சு மூடுங்க."

"சேமிக்கப்பட்டது" என்றது குரல்.

"இப்ப திறந்து கேளுங்க."

ஒன்றும் கேட்கவில்லை. ஹெட்போனைக் கழற்றி மறுபடி மாட்டினார். ஒலியைக் கூட்டினார். திரையைப் போட்டார். ஒலி அலைகள் இருந்த இடத்தில் ஒன்றுமில்லை.

பட்டனுக்கு நகர்ந்த கணத்தில் குறி கலைந்திருந்தது. குறி இல்லையெனில் பதிவு முழுவதையும் எடுத்துக்கொள்ளும்படி எழுதியவர் அவரே. அப்போது திரையில் பதிவு முழுதும் நீலமாகும். காண்பவர் கை நின்றுவிடும். அந்த நீலத்தை ஸ்கிரீன் ரீடர் சொல்ல அவர் வழி வைத்திருக்கவில்லை.

"அம்மா" என்றார்.

பிறகு, "இப்படி ஆகும்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும். போன வாரம் எனக்கும் இதே மாதிரி ஒரு பதிவு போச்சு."

"பக்கத்துலயேதான இருந்தீங்க. ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"அன்னைக்கு உங்க சாஃப்ட்வேரும் என் பக்கத்துலயேதான் இருந்துச்சு, சார்."

எஸ்தர் ராசம்மாள் இத்துடன் நிறுத்தினார். பாளையங்கோட்டையில் சொல்வோர், சபாபதி டீ வாங்கப் போன வேளையில் ஜெசிந்தா நகல் எடுத்து வைத்திருந்தார் என்றும், நீலம் பேசத் தொடங்கிய நாளில் அதைத் திருப்பித் தந்தார் என்றும் முடிக்கின்றனர். திருச்சி வடிவத்தில் அவர் டீ வாங்கப் போவதில்லை.