சூசையம்மாளுக்கு நாமம் போட்ட கத்தி

திருச்சியில் பழைய சாமான் கடை வைத்திருந்த சூசையம்மாளிடம் பேரம் பேசி ஜெயித்தவன் இன்னும் பிறக்கவில்லை. அப்படிப்பட்டவள் ஒருநாள் கோபத்தில் வாயைவிட்டு மாட்டிக்கொண்டாள்.

வெள்ளைக்காரப் பட்டாளத்து மடக்குக் கத்தி ஒன்று, எங்கிருந்தோ வந்த ஓட்டை உடைசலோடு அவள் கைக்கு வந்திருந்தது. எஃகுப் பிடி, அதன் ஒரு முனையில் வளையம். வளையம் கீழே இருக்கும்படி கண்ணாடிப் பெட்டிக்குள் சாய்த்து நிறுத்தி, போகிறவர் வருகிறவர் எல்லாரும் பார்க்க வைத்திருந்தாள்.

ஒரு காலையில் இருவர் சேர்ந்தாற்போல் வந்து, ஆளுக்காள் "எங்க வீட்டுல களவுபோன கத்தி" என்றார்கள்.

"களவுச் சாமான் விக்கிறவளா நான்?" சூசையம்மாள் கத்தியை எடுத்து இடுப்பில் செருகினாள். "மாதா மேல சத்தியம்! உடையவன் யாரோ அவனுக்குச் சும்மாவே தரேன்!"

'சும்மா' என்ற சொல் தன் வாயிலிருந்தா வந்தது என்று அவளே திடுக்கிட்டாள். தெரு முழுக்கக் கேட்டுவிட்டது. ஆள் மாறிக் கொடுத்தால் கத்தியும் போச்சு, சத்தியமும் போச்சு.

"அடையாளம் சொல்லுங்கய்யா."

ஒருவர் தில்லைநாயகம், பழம்பொருள் சேர்ப்பவர். "பிடியில மேல் நோக்கின அம்பு முத்திரை இருக்கும்மா. வெள்ளைக்கார சர்க்கார் சொத்துன்னு அர்த்தம். அம்புக்குக் கீழே 1944. எங்க தாத்தா பர்மா சண்டைக்குக் கொண்டுபோனது. தினமும் நான்தான் துடைச்சு வைப்பேன்."

மற்றவர் ஆளவந்தார். அவர் நெற்றியிலேயே பளிச்சென்று நாமம். "அம்பெல்லாம் கிடையாதும்மா. நாமம்தான். நாமத்துக்கு மேல ஏதோ புரியாத எழுத்து."

"பெருமாள் எப்பய்யா பட்டாளத்துல சேர்ந்தாரு? எனக்கே நாமம் போடப் பாக்கறியா?"

தெரு சிரித்தது. ஆளவந்தாருக்குக் கண் கலங்கியது. "அப்பா அதை ஆணியில மாட்டிவைப்பார். தொட்டா முதுகுத் தோல் உரியும். அவர் போன பிறகும் நான் தொட்டதில்லை. அவர் நெனப்பா எனக்கு இருந்தது அது ஒண்ணுதாம்மா."

சூசையம்மாள் கத்தியை எடுத்துப் பார்த்தாள். மேலே அம்பு, கீழே 1944. தில்லைநாயகம் சொன்னதில் ஒரு புள்ளி பிசகவில்லை. அவர் கையை நீட்டிவிட்டார். கொடுக்கப் போன சூசையம்மாளின் கை பாதியில் நின்றது.

சொல்லுங்கள், கத்தி யாருடையது?

ஆளவந்தாருடையது. தில்லைநாயகம் சொன்னது கண்ணாடிப் பெட்டியை எட்டிப் பார்த்த எவனும் சொல்லக்கூடியது. சூசையம்மாள் வளையத்தில் விரலை விட்டுக் கத்தியைத் தொங்கவிட்டாள். மூன்று கோடுகளால் ஆன அம்பு கவிழ்ந்து நாமமாயிற்று. 1944 தலைகீழாக மேலே ஏறிப் புரியாத எழுத்தாயிற்று. ஆணியில் தொங்கியபோதே பார்த்துப் பழகிய கண்ணுக்குத்தான் அது நாமம். "இன்னிக்கு எனக்குப் பட்டை நாமம்" என்று முனகிக்கொண்டே சும்மா கொடுத்தாள். நழுவப் பார்த்த தில்லைநாயகத்தின் சட்டையைப் பிடித்து நிறுத்தி, பிடி இல்லாத இஸ்திரிப் பெட்டி ஒன்றை அவர் தலையில் கட்டிவிட்டுத்தான் விட்டாள்.