வண்டிக்கு ஆள் தேடிய வாணராயர்

முன்பொரு காலத்தில் கூவிளநாட்டைக் கார்வழுதி என்றொரு அரசன் ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் காலையில் பிறந்த எண்ணம் அவனிடம் மாலைவரை உயிரோடிருக்காது. அப்படிப்பட்டவனுக்கு ஒரு தை மாதம் வேங்கைமலை முருகனுக்குப் பாதயாத்திரை போகவேண்டும் என்று தோன்றியது. அதிசயமாக, மறுநாளும் தோன்றியது. "குடிமக்களும் என்னோடு நடக்கட்டும்" என்று பறையறைவித்தான்.

யாத்திரை தொடங்கும் இடம் ஆலந்துறைப் பிள்ளையார் கோயில். தலைநகரிலிருந்து வண்டியில் ஒரு பகல் பயணம். பாதயாத்திரையைப் பாதத்தால்தான் செய்யவேண்டும் என்று சாத்திரம் சொல்கிறது. அது தொடங்கும் இடத்துக்கும் பாதத்தாலேயே போய்ச் சேரவேண்டும் என்று எந்தச் சாத்திரமும் சொல்லவில்லை. ஆகவே ஊரே வண்டி தேடியது. ஒன்றும் கிடைக்கவில்லை.

காரணம் வாணராயர். அரண்மனை ஊர்வலங்களுக்கு அவர்தான் அதிகாரி. அரசன் வெற்றிலை மென்றுகொண்டிருந்த சமயம் பார்த்து, "சபையோர் அவரவர் தகுதிக்கேற்ற வண்டிகளோடு வரலாம்" என்று வாக்கு வாங்கிவிட்டார். பிறகு நகரத்து வண்டிகளையெல்லாம் சபையோர் வளைத்துக்கொண்டார்கள். பெரும்பங்கு ராயருக்கு. வெற்றிலைப் பெட்டிக்கு ஒரு வண்டி, விசிறிக்கு ஒரு வண்டி, அவருடைய கிளிக்கு ஒரு வண்டி.

அமைச்சர் நம்பிச்சாத்தன் காலையில் அரண்மனைக்கு வந்தபோது வாசலில் கூட்டம். அம்மை கண்டு பிழைத்த குழந்தையை இடுப்பில் வைத்திருந்த ஒருத்தி முன்னால் வந்தாள்.

"இவனுக்காக வேண்டிக்கிட்டது சாமி. ஆலந்துறை வரைக்கும் இவனைத் தூக்கிக்கிட்டு நடந்தா, அங்கிருந்து மலைக்கு நடக்க எனக்குக் காலு ஏது?"

நம்பிச்சாத்தன் நேரே சபைக்குள் போனார்.

"அரசே, நீங்கள் அழைத்த மக்களுக்கு ஏற வண்டியில்லை."

"கொடுத்த வாக்கைத் திரும்ப வாங்கமுடியுமா, அமைச்சரே?"

வாணராயர் மீசையைத் தடவினார். "அமைச்சருக்குத்தான் மூளை இருக்கிறதே. அதற்குச் சக்கரம் கட்டி ஓட்டட்டும்."

சபை சிரித்தது. அரசனுக்கும் விளையாட்டுப் புத்தி கிளம்பிவிட்டது. "அதுவும் நல்ல யோசனைதான். நம்பிச்சாத்தரே, யாரிடமிருந்தும் ஒரு வண்டியைக்கூட நீர் பிடுங்கக்கூடாது. ஆனால் மக்கள் நாளை பொழுது சாய்வதற்குள் ஆலந்துறை சேரவேண்டும். சேராவிட்டால் உம் முத்திரை மோதிரம் ராயர் விரலுக்குப் போகும்."

ராயர் தன் விரலை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"ஆகட்டும், அரசே. ஒரே ஒரு சந்தேகம். யாத்திரையில் உங்கள் அருகே வேல் தாங்கி வரும் பெருமை யாருக்கு?"

"இதிலென்ன சந்தேகம்?" என்றார் ராயர். "அதிக வண்டியோடு வருகிறவனுக்கு."

"வண்டி வாடகைக்குக்கூட வரும், ராயரே. ஒருவரை நம்பி நாலு பேர் வந்தால் அல்லவா செல்வாக்கு? யாருடைய வண்டிகளிலிருந்து அதிக யாத்திரிகர்கள் இறங்குகிறார்களோ அவருக்கே வேல் என்று வைத்துப் பாருங்கள். உங்களிடம்தானே வண்டி அதிகம்? மற்றவர்கள் உங்கள் பக்கத்தில் நிற்கமுடியுமா?"

ராயர் யோசித்தார். அவர் யோசிப்பதைக் கண்ட சேனாபதியும் யோசித்தார். அதைக் கண்டதும் ராயர் அவசரமாக, "சம்மதம்" என்றார். "என் கிளியும் கணக்கில் சேருமா? முருகா என்று சொல்லும்."

"நடக்குமென்றால் சேரும்" என்றான் அரசன்.

மறுநாள் விடிந்தபோது நகரம் அதுவரை கண்டிராத காட்சியைக் கண்டது. போர்க்களத்தில் யானைகளை விரட்டிய சேனாபதி தெருமுனையில் நின்று, "ஆலந்துறை, ஆலந்துறை, மெத்தை போட்ட வண்டி" என்று கூவினார். அவைப்புலவர் மோர்ப்பானையோடு நின்றார். வாணராயரோ அதே கூவலோடு வீடு வீடாகக் கதவைத் தட்டினார்.

"நான் சந்தைக்குப் போறேனுங்க" என்றான் கத்தரிக்காய்க் கூடைக்காரன்.

"முருகனுக்குக் கத்தரிக்காய் பிடிக்கும். ஏறு."

"நான் சம்பந்தி வீட்டுக்குச் சண்டை போடப் போறேன்" என்றாள் ஓர் அம்மாள்.

"அந்த வழியில்தான் இருக்கிறது, தாயே. ஏறுங்க, ஏறுங்க."

வெற்றிலைப் பெட்டி இறங்கியது, விசிறி இறங்கியது. கிளியின் வண்டியில் அந்தக் குழந்தைக்காரி ஏறினாள்; கூண்டு அவள் மடிக்குப் போனது. நகரவாயிலில் கடைசியாக ஒரு முட்டிவலிக் கிழவர் மிஞ்சினார். ராயரின் சொந்த வண்டியைத் தவிர எங்கும் இடமில்லை. பின்னால் சேனாபதியின் வண்டி வந்துகொண்டிருந்தது. ராயர் பல்லைக் கடித்தார், தாமே இறங்கினார், கிழவரை ஏற்றினார். சரிகைச் செருப்போடு ஆலந்துறைவரை வண்டிக்குப் பின்னாலேயே நடந்தார். பாதி வழியில் செருப்பும் கைவிட்டது.

பொழுது சாயுமுன் ஆலந்துறையில் மக்கள் வெள்ளம். ஊரில் ஒருவரும் மிஞ்சவில்லை. ராயர் வண்டிகளிலிருந்து இறங்கியவர்களே அதிகம். அரசன் மகிழ்ந்து வேலை நீட்டினான். ராயர் நொண்டிக்கொண்டு வந்தார்.

"என்ன ராயரே, காலில்?"

"நடந்து வந்தேன், அரசே."

"பாதயாத்திரை இனிமேல்தானே?"

கூட்டம் சிரித்து ஓய நேரமாயிற்று. அரசன் நம்பிச்சாத்தன் பக்கம் திரும்பினான். "மோதிரம் உம்மிடமே இருக்கட்டும். இந்த முத்துமாலையும் உமக்கு. வேறென்ன வேண்டும், கேளும்."

"வண்டிகள் இங்கே நிற்கின்றன, அரசே. யாத்திரை முடிவது மலையடியில். திரும்பிப் போவதைப் பற்றி நம்மில் ஒருவரும் யோசிக்கவில்லை. வண்டிகள் முன்னதாகப் போய் அங்கே காத்திருக்கட்டும். அதற்கு ராயரையே அதிகாரியாகப் போடுங்கள். வண்டியில் ஆள் ஏற்ற அவரைப் போல் வல்லவர் நாட்டில் இல்லை."

அரசன் தலையசைத்தான். ராயரால் மறுக்கவும் முடியவில்லை. அந்த முட்டிவலிக் கிழவர் அவருடைய கொப்புளங்களுக்கு விளக்கெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார்.

பிள்ளையார் முன் தேங்காய் உடைக்க அரசன் கையை ஓங்கினான். எங்கும் அமைதி. அப்போது குழந்தைக்காரியின் கையிலிருந்த கூண்டுக்குள்ளிருந்து, அச்சு அசலாக வாணராயர் குரலில், கிளி கூவியது:

"ஆலந்துறை, ஆலந்துறை. ஏறுங்க தாயே, ஏறுங்க."