கரிச்சான் செய்த மந்திரக்கோல்

பறவைகள் வாய்விட்டுப் பேசி, வழக்கு வைத்து, கூடி விளையாடவும் செய்த அந்தக் காலத்தில், ஓர் ஏரிக்கரையில் வேட ஆட்டம் என்று ஒன்று நடந்துவந்தது. அறுவடை முடிந்து தீனி மலிந்த மாதத்தில் ஒவ்வொரு பறவையும் ஒரு வேடத்தைச் சொல்லி எடுத்துக்கொள்ளும். மாதம் முடியும்வரை அது அந்த வேடம்தான். கொக்கு வைத்தியர் ஆகும். மைனா கடல் கடந்து போகும் வணிகர் ஆகும். வேடத்துக்கு என்ன சக்தி என்று முதல் நாள் சபையில் சொல்லிவிட வேண்டும். சொன்ன சக்தியை மற்றவர்கள் மதித்தே ஆக வேண்டும். இதுதான் சட்டம். சட்டத்துக்கு நடுவர் அண்டங்காக்கை.

வேடங்களுக்கு வேண்டிய சாமான்களைச் செய்து கொடுத்தது கரிச்சான். சின்ன உடம்பு, முழுக் கறுப்பு, துடுப்பு மாதிரி அகன்ற வால். கிரீடமோ வாளோ, எது கேட்டாலும் செய்யும். ஆனால் யாருக்குச் செய்கிறதோ அவருடைய அளவுக்குத்தான் செய்யும். அதில் அதற்கு ஒரு பிடிவாதம்.

அந்த வருஷம் கள்ளப்பருந்து ராஜா வேடம் எடுத்தது. எல்லா வருஷமும் அதுதான் ராஜா. மணிப்புறா எல்லா வருஷமும் குடிமக்கள். ராஜா வரும்போது தலை குனிவது அதன் வேலை. ஆனால் அந்த வருஷம் மணிப்புறா கரிச்சானிடம் வந்து, மெதுவாகத் தொண்டையைச் செருமியது.

"அண்ணே, நான் மந்திரக்காரியா ஆடலாம்னு இருக்கேன். ஒரு கோல் செஞ்சு தரணும்."

"தர்றேன் தங்கச்சி. கோலால என்ன ஆகணும்? அதை முதல்ல சொல்லு. மழை வரணுமா, கல்லு பழமாகணுமா?"

"அதெல்லாம் வேண்டாம். கோலால நான் ஒரு வட்டம் போட்டா, அதுக்குள்ள யாரும் வரக்கூடாது. அவ்வளவுதான்."

"எவ்வளவு பெரிய வட்டம்?"

"என் கூடு அளவு."

கரிச்சான் சிரிக்கவில்லை. மணிப்புறாவின் கூட்டை அதுவும் பார்த்திருக்கிறது. பத்துக் குச்சி இருந்தால் அதிகம். கீழே நின்று பார்த்தாலே முட்டை தெரியும். எந்த வருஷமும் அந்த முட்டைகள் பொரியும்வரை தப்பியதில்லை.

முதலில் புளியங்குச்சியில் செய்து பார்த்தது. கனம் தாங்காமல் புறாவின் தலை தொங்கிப்போனது. முருங்கைக்குச்சி இரண்டாம் வீச்சிலேயே முறிந்தது. நாணல் காற்றுக்கு வளைந்தது. கடைசியில் நொச்சிக்குச்சி சரியாக அமைந்தது. பட்டையை உரித்து மணலில் தேய்த்து வழவழப்பாக்கி, அலகு கவ்வும் இடத்தில் வழுக்காதபடி கோரைநாரால் இரண்டு சுற்றுச் சுற்றியது. நுனியில் ஒரு வெள்ளைக்கல் சில்லை வேலம்பிசினால் ஒட்டியது. வெயில் பட்டால் தூரத்தில் வருகிறவனுக்கும் கண் கூசும்.

"எல்லாக் கோலுக்கும் ஒரு குறை இருக்கணும், அப்பதான் ஆட்டம் ஆட்டமா இருக்கும்," என்றது கரிச்சான். "வட்டம் போட்டவ வட்டத்துக்குள்ள இருக்கிறவரைக்கும்தான் பலிக்கும்னு வைப்போமா?"

"வைங்க அண்ணே. முட்டையை விட்டுட்டு நான் எங்க போகப் போறேன்?"

சபையில் அப்படியே சொன்னார்கள். அண்டங்காக்கையும் கேட்டுத் தலையாட்டியது.

பன்னிரண்டு நாள் அந்தக் கோல் பலித்தது. இரண்டு முட்டைகளின்மேல் உட்கார்ந்திருந்த மணிப்புறா, யாராவது கிளைக்கு வந்தால் கோலைத் தூக்கும். வந்தவர்கள் சட்டப்படி திரும்பிப் போவார்கள். அண்டங்காக்கைகூட இரண்டு தடவை வந்து, வட்டத்தின் ஓரத்தில் நின்று, கழுத்தைச் சாய்த்து முட்டைகளைப் பார்த்துவிட்டுப் போனது.

பதின்மூன்றாம் நாள் ராஜா அந்தக் கிளையில் இறங்கப் பார்த்தது. மணிப்புறா அதற்கும் கோலைத் தூக்கியது. ராஜா திரும்பிப் பறந்ததைப் பார்த்துத் தவிட்டுக்குருவிகள் சிரித்துவிட்டன.

அன்று மத்தியானமே சபை கூடியது. ராஜா கூப்பிட்டால் யாரானாலும் வந்தாக வேண்டும் என்பது ராஜா வேடத்துக்கு முதல் நாள் சொன்ன சக்தி. அதைச் சொல்லி ஆள் போனது. வேறு வழியில்லாமல் மணிப்புறா கோலைக் கவ்விக்கொண்டு வந்தது.

"இவ்வளவு சக்தி உள்ள கோல் ஒரு புறாகிட்ட இருக்கிறது முறையில்ல. ராஜாகிட்ட இருக்கிறதுதான் எல்லாருக்கும் பாதுகாப்பு," என்று தீர்ப்புச் சொன்னது அண்டங்காக்கை.

கரிச்சான் துள்ளி எழுந்தது. "அது அவ அலகுக்கு அளவெடுத்துச் செஞ்ச கோலு! அதை வச்சுக்கிட்டு ராஜா என்ன பண்ணப்போறார்? அவர் கூட்டுக்குள்ள எவன் நுழையப்போறான்?"

"செய்யறதோட உன் வேலை முடிஞ்சது. உட்கார்," என்றது காக்கை.

மைனா தன் இறகைக் கோதிக்கொண்டிருந்தது. கொக்கு தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தது. பருந்து கோலைக் காலில் இடுக்கிக்கொண்டு பனைமரத்தின் உச்சிக்குப் போனது.

மணிப்புறா கூட்டுக்கு விரைந்தது. கரிச்சானும் பின்னால் பறந்தது. அண்டங்காக்கை அவர்களுக்கு முன்பே அங்கே வந்துவிட்டிருந்தது. அலகைக் கிளையில் துடைத்துக்கொண்டிருந்தது. கூட்டில் ஓடுதான் கிடந்தது.

"என்ன காரியம் பண்ணிட்ட!" என்று கத்தியது கரிச்சான்.

"சட்டப்படிதான் பண்ணினேன்," என்றது காக்கை. "வட்டம் கோலுக்குச் சொந்தம். கோல் ராஜாவுக்குச் சொந்தம். ராஜா எனக்கு அனுமதி கொடுத்தார். அவளும் வட்டத்துக்குள்ள இல்ல. குறையை வச்சவனே நீதானே? விளையாட்டுக்குப் போய் இப்படிக் கோவப்படலாமா?"

"முட்டை விளையாட்டாடா?"

மணிப்புறா அழவில்லை. ஓடுகளை ஒவ்வொன்றாக நகர்த்தி, அடியில் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்த கரிச்சானுக்குப் பொறுக்கவில்லை.

பருந்தின் கால் அளவுகூட இல்லாத அந்தக் கரிச்சான் நேராகப் பனை உச்சிக்குப் பாய்ந்தது. ராஜாவின் பிடரியில் கொத்தியது. அதுவரை பருந்தை யாரும் தொட்டதே இல்லை. என்ன நடக்கிறது என்று அதற்குப் புரிவதற்குள் கோல் நழுவி, கீழே பாறையில் விழுந்து இரண்டாக முறிந்தது. பருந்து திரும்பி நகத்தை வீசியது. கரிச்சானின் வாலில் நடு இறகுகள் கொத்தாகப் பிய்ந்து வந்தன. கரிச்சான் நிற்கவில்லை. மேலே எழும்பி எழும்பிப் பிடரியிலேயே கொத்தியது. ஏரியின் மறுகரை வரைக்கும் பருந்தை விரட்டிவிட்டு, திரும்பி வந்து அண்டங்காக்கையின்மேல் பாய்ந்தது. காக்கை கத்திய கத்தலில் கரை முழுவதும் அதிர்ந்தது. பொழுது சாயும்வரை அதைக் கிளை கிளையாகத் துரத்தியது.

சாயங்காலம் மணிப்புறா முறிந்த கோலைப் பொறுக்கிக்கொண்டு வந்தது.

"இன்னொண்ணு செஞ்சு தருவீங்களா அண்ணே?"

"மாட்டேன்," என்றது கரிச்சான். இன்னும் அதற்கு மூச்சு வாங்கியது. "எவ்வளவு நல்லா செஞ்சாலும், பெரியவன் ஒருத்தன் பிடுங்குவான். கூட இருக்கிறவன் அதுக்குச் சட்டம் சொல்லுவான். நீ என் மரத்துக்கு வந்து கூடு கட்டு. அங்க எவன் வரான்னு நான் பாத்துக்கறேன்."

அதற்கப்புறம் அந்தக் கரையில் வேட ஆட்டம் யாரும் ஆடவில்லை. கரிச்சானின் பிய்ந்த வால் நடுவில் மறுபடி ஒன்றுசேரவே இல்லை. கவட்டை போலப் பிளந்தே நின்றுவிட்டது. மணிப்புறாவும் மாங்குயிலும் கொண்டைக்குருவியும் கரிச்சான் இருக்கிற மரமாகப் பார்த்துக் கூடு கட்டுவதும், அந்தப் பக்கம் நிழல் விழுந்தாலே தன்னைவிடப் பல மடங்கு பெரிய பருந்தையும் காக்கையையும் கரிச்சான் கொத்திக் கொத்தி விரட்டுவதும் அன்றைய மத்தியானத்திலிருந்துதான்.