உயிரோடு திரும்பிய தூதர்

வெண்குன்ற நாட்டுப் படை ஆற்றைக் கடந்து போருக்குப் போக வேண்டுமென்றால், குன்றின்மேல் இருந்த துறவியர் பள்ளியின் தலைவி வந்து போர்முரசில் கை வைக்க வேண்டும். அவர் கை வைக்காத முரசின் பின்னால் மக்கள் தங்கள் பிள்ளைகளை அனுப்பமாட்டார்கள். மன்னர்களுக்கு இந்த வழக்கம் பிடித்ததில்லை. ஆனால் எடுத்துவிடவும் முடிந்ததில்லை.

அந்நாளில் தலைவியாக இருந்தவர் நல்வெள்ளி அடிகள். இளம் வயதுக்காரர். அவருடைய சீடர்களில் ஒருவரான ஆதன் அவரைவிட மிகவும் மூத்தவர். குதிரைப்படைக்குத் தலைமை தாங்கி, தாடி முழுக்க நரைத்த பிறகு பள்ளிக்கு வந்தவர்.

அறுவடை முடிந்த கையோடு ஒரு செய்தி பரவியது. தாழை நாட்டுக்குத் தூது போன வெண்பூதனாரை அந்நாட்டு மன்னன் கொன்றுவிட்டான் என்றார்கள். படை திரண்டது. ஆதனின் மருமகன் சேந்தனும் வேலும் கையுமாகப் பாசறைக்குப் போய்விட்டான். மகளுக்கு நிறைமாதம்.

ஆதன் அடிகளின் முன் வந்து உட்கார்ந்தார்.

"போருக்கு மன்னர் சொல்லும் காரணம் உண்மைதானா, அடிகளே?"

"உண்மையாக இருக்க வேண்டும் என்று விரும்புகிறீர்களா?"

"ஆமாம்," என்றார் ஆதன். "சேந்தன் திரும்பி வராவிட்டால் மகளிடம் நான் ஏதாவது சொல்லியாக வேண்டும்."

"உடலைப் பார்த்தவர் யார்?"

அதை ஆதன் யோசித்திருக்கவில்லை. இறங்கிப் போய் ஊரில் விசாரித்தார். எல்லாரும் யாரோ சொல்லித்தான் கேட்டிருந்தார்கள். கழுத்தில் வெட்டு என்றார் ஒருவர். முதுகில் குத்து என்றார் இன்னொருவர். தூதரின் வீட்டுக்கும் போனார். அரண்மனையிலிருந்து உடல் வரவில்லை, சாம்பலும் வரவில்லை, ஒரு பட்டுப்புடவை மட்டும் வந்தது என்றாள் தூதரின் மனைவி. அதைக் கொண்டுவந்தவன், வெளியே யாரிடமும் பேச வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனானாம்.

ஆதன் திரும்பி வந்து இதைச் சொன்னார்.

"போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்," என்றார் அடிகள்.

உப்பு வண்டிகளோடு சேர்ந்து ஆதன் ஆற்றைக் கடந்தார். துறவியை யாரும் தடுக்கவில்லை. தாழை நாட்டுத் தலைநகரில் ஒரு பூக்காரியிடம், வெண்குன்றத்துத் தூதரை எந்த இடத்தில் எரித்தார்கள் என்று கேட்டார். அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். அந்த மனிதர் வைத்தியர் வீட்டில் கஞ்சி குடித்துக்கொண்டிருக்கிறாரே, அவரை எதற்கு எரிக்க வேண்டும் என்றாள்.

அது உண்மைதான். விஷக்காய்ச்சலில் விழுந்த வெண்பூதனார் எழுந்து நடமாடத் தொடங்கியிருந்தார். அந்நாட்டு மன்னனே வைத்தியரை அனுப்பியிருந்தான். நோயில் கிடக்கிறேன் என்று ஊருக்கு ஆள் மேல் ஆள் அனுப்பியும் ஏன் பதில் வரவில்லை என்று அவர் ஆதனிடம் கேட்டார். ஆதன் நடந்ததைச் சொன்னார்.

கூண்டு வண்டியில் அவரைப் படுக்க வைத்து ஆதன் அழைத்து வந்தார். போர் நின்றுவிடும் என்று ஆதனுக்கு ஒரே மகிழ்ச்சி. தூதர்தான் வழியெல்லாம் பேசாமல் வந்தார். குன்று கண்ணில் பட்டதும், அரண்மனைக்குப் போக வேண்டாம், முதலில் பள்ளிக்குப் போவோம் என்றார்.

அன்று பிற்பகல் அமைச்சர் மாநாகர் பல்லக்கில் வந்து இறங்கினார். முரசில் கை வைக்க அடிகளை அழைத்துப் போக வந்திருந்தார். தூதர் உள்ளறையில் இருந்தார்.

"போருக்கு வேறு காரணம் எதுவும் இல்லையா?" என்று கேட்டார் அடிகள்.

"வேறு எதுவும் இல்லை. மன்னர் போரை விரும்புகிறவர் அல்லர். நம் தூதரைக் கொன்றுவிட்டார்கள், அது ஒன்றுதான்."

"தூதர் உயிரோடு வந்து நின்றால்?"

மாநாகர் வருத்தத்தோடு சிரித்தார். "அப்படி நடந்தால், மன்னரே பாசறைக்குப் போய் எல்லாரையும் வீட்டுக்கு அனுப்புவார்."

அடிகள் உள்ளறைப் பக்கம் திரும்பினார். "வெண்பூதனாரே, வாருங்கள்."

தூதர் சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். மாநாகர் அவரைப் பார்த்தார். பிறகு ஆதனிடம் திரும்பினார்.

"வழியில் இவரை வேறு யார் பார்த்தார்கள்?"

ஆதன் வாயைத் திறப்பதற்குள் அடிகள் எழுந்தார். தூதரின் கையைப் பிடித்துக்கொண்டு குன்றிலிருந்து இறங்கி நேராகக் கடைத்தெருவுக்குள் நடந்தார். கடைக்காரர்கள் எழுந்து நின்றார்கள். செய்தி கேட்டுத் தூதரின் மனைவி ஓடி வந்தாள். கணவனின் முகத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதாள். பாசறைக்குச் செய்தி போயிற்று. வீரர்கள் மூட்டை கட்டத் தொடங்கினார்கள். ஆதன் மகளின் வீட்டுக்குப் போய், சேந்தன் வந்துவிடுவான், கவலைப்படாதே என்று சொல்லிவிட்டு வந்தார்.

மறுநாள் காலை தெருத்தெருவாகப் பறை அறைந்தார்கள். தாழை நாட்டார் எல்லையோரக் கிணறுகளில் சில மாதங்களாகவே நஞ்சு கலந்து வருகிறார்கள், குழந்தைகள் பலர் இறந்துவிட்டார்கள், ஆகவே படை புறப்படும் என்பது செய்தி. கட்டிய மூட்டைகளைப் பாசறையில் அவிழ்க்கச் சொன்னார்கள்.

ஆதன் மூச்சு வாங்கக் குன்றேறி வந்தார். அரண்மனை ஆள் ஒருவன் எதிரே இறங்கிப் போய்க்கொண்டிருந்தான். முரசில் கை வைக்க வரமாட்டேன் என்று அடிகள் அவனைத் திருப்பி அனுப்பியிருந்தார்.

"நான் போய் அந்தக் கிணறுகளையும் பார்த்துவிட்டு வருகிறேன்," என்றார் ஆதன்.

"போய் வாருங்கள்."

ஆதன் கிளம்பவில்லை. அவர் மனம் ஆறவில்லை.

"அடிகளே, குழந்தைகள் செத்தது உண்மையென்றால், தூதரைக் கொன்றதைவிட அது பெரிய கொடுமை இல்லையா? மாதக்கணக்காக நடக்கிறது என்கிறார்கள். இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை?"

"அப்போது தூதர் செத்துப்போயிருந்தார்," என்றார் அடிகள்.