பின்னங்கால் போன மாவட்டம்

ஒரு காட்டுக் குட்டையில் அல்லி என்ற தவளை இருந்தது. அதன் தலைப்பிரட்டைகள் சேற்றில் துடித்துக்கொண்டிருந்தன. குட்டைக்கு வரும் வாய்க்காலில் தண்ணீர் திடீரென்று நின்றுவிட்டது. இன்னொரு வெயில் அடித்தால் பிள்ளைகள் கருவாடுதான்!

அல்லி அலறிக்கொண்டு வாகைமரத்தடிக்கு ஓடியது. மாவட்டத் தலைநகர் அங்கேதான். தாசில்தார் குரங்கு பேன் பார்த்துக்கொண்டிருந்தது.

"தண்ணி வரலீங்க ஐயா!"

"காட்டை ரெண்டு மாவட்டமாப் பிரிச்சாச்சும்மா. குட்டை எங்களது. வாய்க்கால் புது மாவட்டத்தோடது. வாய்க்காலோட இந்தப்பக்கக் கரையோட எங்க எல்லை முடிஞ்சுது. புதுத் தலைநகருக்குப் போ!"

புதுத் தலைநகர் எங்கே? யாருக்கும் தெரியவில்லை. "கலெக்டர் யானை எங்க படுத்திருக்காரோ அதான் தலைநகர்" என்றது ஒரு மைனா. தேடிப் போனால் கலெக்டரின் டவாலி முள்ளம்பன்றி மறித்தது.

"வாய்க்கால் எங்களதுதான். ஆனா நீ எங்க மாவட்டத்துக்காரி இல்லையே! உங்க தாசில்தார்கிட்ட சொல்லி அனுப்பச் சொல்லு!"

அல்லி திரும்பி ஓடியது. குரங்கு மறுபடி விரட்டியது. அங்கும் இங்கும் அலைந்ததில் அல்லிக்குத் தலை சுற்றியது. தான் எந்த மாவட்டம்? பிள்ளைகள் எந்த மாவட்டம்? தாகத்துக்குக்கூடவா எல்லை? பாவம், அதற்கு அழுகையே வந்துவிட்டது.

வாய்க்கால் கரையோரமாகவே நடந்துபோய், கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தது. கலெக்டர் யானை வாய்க்காலுக்குக் குறுக்கே, குளுகுளுவென்று படுத்திருந்தது! முதுகுக்கு அந்தப்பக்கம் தண்ணீர் தேங்கி நின்றது.

"ஐயா, நீங்கதான் அடைச்சிருக்கீங்க! கொஞ்சம் எழுந்திருங்க!"

"நான் எழுந்தா தலைநகரே இடம் மாறிடும். அதுக்கு மேலிடத்து உத்தரவு வேணும். மனு குடுத்துட்டுப் போ!" யானை கண்ணை மூடிக்கொண்டது.

அல்லிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"சரிங்க ஐயா. ஆனா உங்க பின்னங்கால் ரெண்டும் எங்க கரையில கிடக்கே! பாதித் தலைநகர் பழைய மாவட்டத்துல இருக்குன்னு தாசில்தார்கிட்ட சொல்லட்டுமா?"

"ஐயையோ! எல்லை மீறலா?" யானை பதறியடித்து எழுந்து, பிளிறிக்கொண்டே மேட்டில் ஏறியது.

தண்ணீர் குபுகுபுவென்று பாய்ந்தது. அல்லி அதோடு சேர்ந்து குட்டைக்குள் விழுந்தது. தலைப்பிரட்டைகள் வாலை ஆட்டின.

"ஏய், மனு குடுக்காமப் போறியே!" என்று முள்ளம்பன்றி பின்னால் கத்திக்கொண்டிருந்தது.

குறை தீர்க்க வந்தவர்களே வழியை அடைத்துக்கொண்டு படுத்திருந்தால், மனுவோடு அலையாமல் அவர்களை எழுப்பிவிட வேண்டும்.